ஐயர் வீட்டு மாட்டுக்கு உள்ளி

எதையும் மூக்கால் மணந்து பார்க்காமல் நம்பாத பிறவி நான். வேலணையில் எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னச் சந்து முழுவதும், உள்ளி என்கிற வெள்ளைப்பூண்டைக் கொண்டாடும். காய்ச்சலென்றால் உள்ளி ரசம், காதுக்குள் குத்தென்றால் உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுட்ட உள்ளி. வாய்வுக்குக் கேட்கும், ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் எனக்குச் சந்தேகந்தான்.

எண்பதுகளின் பிற்பகுதி. சண்டையால் பாதை அடைபட்டு, யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஓடாமல் கிடந்த மாதங்கள். ஒருநாள் எங்கள் கோயில் ஐயரின் மனைவி கடையில் உள்ளி வாங்கிக்கொண்டு நின்றார். பூசை செய்கிறவர் உள்ளி தின்னக்கூடாது என்பது எங்கள் கோயிற் கட்டுப்பாடு.

“மாட்டுக்கு வயித்தூதல்,” என்றார், நான் கேட்காமலே.

மாட்டுக்கு உள்ளி கொடுப்பது வழக்கந்தான். ஆனால் அவர்கள் மாட்டை விற்று ஒரு வருடமாகிவிட்டது. வாங்கியவரே என் அண்ணன்.

அன்றிலிருந்து கோயிலில் நான் கும்பிட்டதைவிட மணந்து பார்த்ததுதான் அதிகம். முன்பெல்லாம் கிட்ட வந்து திருநீறு தருகிற ஐயர், இப்போது எட்ட நின்று வாயை இறுக்கிக்கொண்டு தந்தார். சாம்பிராணிக்கு நடுவே உள்ளி மணந்தது. சாமியையே ஏமாற்றுகிறாரே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. கோயில் நிர்வாகத் தலைவரிடம் சொல்லத்தான் இருந்தேன். அதற்குமுன் கண்ணால் கண்டுவிட வேண்டுமென்று கோயிலின் பின்பக்கக் கிணற்றடிக்குப் போனேன்.

ஐயர் மூக்கைப் பொத்திக்கொண்டு அவித்த உள்ளிப் பற்களை விழுங்கிக்கொண்டிருந்தார். கண்ணால் நீர் வழிந்தது. என்னைக் கண்டதும் கிண்ணத்தைச் சால்வையால் மூடினார்.

“பிரஷர், பிள்ளை. அதுக்குப் போடுற குளிசை முடிஞ்சுபோச்சு, எங்கையும் எடுக்க ஏலாமல் கிடக்கு. உள்ளி குறைக்குமெண்டு சொல்லுகினம். நான் விழுந்திட்டனெண்டால் என்ரை பிள்ளையளை ஆர் பாக்கிறது? இது தெரிஞ்சு கோயிலாலை நிப்பாட்டினாலும் அதே கதைதான்.”

“உது கேக்குமெண்டு நான் நம்பேல்லை, ஐயா.”

“நானும்தான்,” என்றார்.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

மறுநாள் காலைப் பூசையில் நிர்வாகத் தலைவர் மூக்கைச் சுழித்தார். “உள்ளியெல்லோ மணக்குது! ஆர் அது?”

ஐயர் தீபத்தட்டோடு சாமி பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான்தான்,” என்றேன். “கறிக்கு உரிச்சிட்டு அவசரத்திலை வந்திட்டன்.”

தலைவர் நம்பவில்லை. என் கையைக் காட்டச் சொல்லிக் குனிந்து மணந்து பார்த்தார். பிறகு, கோயிலுக்கு வருகிற லட்சணமா இது என்று எல்லார் முன்னாலும் என்னைக் கிழித்தெடுத்தார்.

சந்தேகப்படுகிறவர்கள் கையை மணந்து பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? வீட்டை விட்டு வெளிக்கிடுமுன்பே நாலு பல் உரித்துத் தேய்த்துக்கொண்டுதான் போயிருந்தேன். பாதை திறந்து குளிசை வரும்வரை, பேச்சு வாங்குவதற்கென்றே தினமும் உரித்தேன்.