கழித்த பந்துகள்

அந்த ஸ்கோர் தாளில் சித்தப்பாவின் கையெழுத்து இன்றும் முத்து முத்தாக இருக்கிறது. மாநிலப் போட்டியின் இறுதி ஆட்டம், ஐந்தாவது இன்னிங்ஸ்: மூன்று வாக், மொத்தம் ஒன்பது பந்து. பேஸ்பாலில் நான்கு பந்துகளைத் தவறாக எறிந்தால்தான் எதிரணிக்காரிக்கு ஒரு வாக், அதாவது அடிக்காமலே முதல் தளம். மூன்று வாக் என்றால் பன்னிரண்டு பந்தாவது வேண்டாமா? எங்கள் கல்லூரியின் முதல் பெண்கள் அணி கோப்பை வென்ற கதையை இணையத்தில் ஏற்றுவதற்காகப் பந்துவீச்சுக் கணக்குகளைக் கணினியில் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பதில் விரல் நின்றுவிட்டது.

நான் அந்த அணியில் பெஞ்சைத் தேய்த்தவள். சித்தப்பா ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவர். ஆசைக்கு எங்களுக்கு ஸ்கோர் எழுத வந்தார். பந்தெறிய எங்களுக்கிருந்த ஒரே ஆள் கேப்டன் அக்கா. அவளுக்கு ஏற்கெனவே தோள்வலி. ஓர் ஆட்டத்துக்கு எழுபது பந்துதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் கோச் "எத்தினி ஆச்சு?" என்பார். "இன்னும் இருக்கு சார்" என்பார் சித்தப்பா. கோப்பை வந்தது. அக்காவின் வலது கை அதன்பிறகு தோளுக்கு மேல் எழவில்லை. சித்தப்பாவைச் சந்தேகிக்க எனக்கே கூசியது; ஆனால் ஒன்பது ஒன்பதாகவே இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு ஆம்பூர் போனேன்.

"இன்னாம்மா, என்னையே செக் பண்றியா?" என்று சிரித்தார். "ஓட்டை, கீறல் இருக்கிற தோல கணக்குல சேப்போமா? நல்லதைத்தான் எண்ணுவோம். கை அப்படியே பழகிடிச்சு."

நம்பத்தான் விரும்பினேன். ஆனாலும் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் மங்கலான பென்சில் கோடுகள், இன்னிங்ஸ் வாரியாக. ஐந்தாவதற்கு நேராகப் பதினான்கு. கழித்த தோலையும் மாலையில் தனியாக எண்ணித்தானே ஒப்படைப்பார்கள்!

"அப்ப இது இன்னா சித்தப்பா?"

சிரிப்பு போய்விட்டது. "கோச் கழிச்சத கேக்கலியே" என்றார்.

அக்கா இப்போது குடியாத்தத்தில் விளையாட்டு ஆசிரியை. கரும்பலகையின் மேல்பாதியில் இடதுகையால் எழுதுகிறாள். அங்கே போனேன். நான் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்தது: "நான்தான்டி அவர்கிட்ட கோச்சுக்கு சொல்லாதீங்கன்னேன். அவர போட்டு பேஜார் பண்ணாத. பின்பக்கத்த ஏத்தாத. தோள் போனதுக்கு அந்தக் கோப்பைதான் மிச்சம். அதையும் பொய்க்கணக்குல வந்த திருட்டுக் கோப்பைன்னு ஆக்கிடாத." சித்தப்பா முந்திக்கொண்டு போன் செய்துவிட்டாரோ? அவரைக் காப்பாற்றுகிறாளா, உண்மையைத்தான் சொல்கிறாளா? பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றி நம்பினேன்.

ஒன்பதை அழித்து, பின்பக்கத்துப் பதினான்கையும் கூட்டி இருபத்து மூன்று என்று ஏற்றினேன். அந்தத் தோள் எறிந்தது அத்தனைதான். அதைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. அக்கா பார்த்துவிட்டாள். சித்தப்பா மட்டும் ஒரு லைக் போட்டிருக்கிறார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.