அம்மாவின் கல்லறையில் அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவு நாளையொட்டி இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் அவருடைய ஒரே தம்பி. அப்பா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். ஓராண்டு ஆகியும் எனக்கு இது வேறு யார் வீட்டிலோ நடந்தது போலத்தான் இருக்கிறது.

அக்கா பருத்திப்பட்டில் பிறந்தார். அப்பா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். அக்கா பள்ளி இறுதி வகுப்பு படித்தபோது அம்மா இறந்துவிட்டார். அதன் பிறகு எனக்குத் தலை சீவிவிட்டதும் பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும் அக்காதான். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தையல் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். வந்த வரன்களையெல்லாம், "தம்பி படிப்பு முடியட்டும்" என்று தள்ளிப் போட்டார். என் படிப்பு முடிந்தபோது வரன்கள் வருவது நின்றிருந்தது.

நாங்கள் கத்தோலிக்கர்கள். அப்பா எங்கள் பகுதிக்கான பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் நெடுங்காலம் பாடியவர். அக்கா சிறுவயதில் புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கியதும் அங்கேதான். நாற்பதை நெருங்கும் வயதில், உடன் வேலை செய்த ஓர் அம்மையார் அழைத்ததால், நெமிலிச்சேரியில் ஹார்டுவேர் கடை மாடியில் கூடும், கத்தோலிக்கம் அல்லாத ஒரு ஜெபச் சபைக்குப் போகத் தொடங்கினார். பிறகு அங்கே முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டார்.

"நம்ம கோயில்ல இன்னாம்மா கொறை?" என்று அப்பா கேட்டார்.

"கொறைன்னு இல்லப்பா. அங்க ஒரு வாரம் போவலைன்னா ஊட்டுக்கே வந்து கேக்குறாங்க."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பூசைக்கு ஒரு பக்கம் நடப்பார், அக்கா ஷேர் ஆட்டோவில் மறுபக்கம் போவார். மதியம் மூவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். கோயில் பேச்சு மட்டும் வராது.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, பூந்தமல்லியில் டயாலிசிஸ் செய்துவந்தோம். நான் அலுவலகம் போன நாட்களில் சபைச் சகோதரிகள் மாறி மாறி உடனிருந்தார்கள். கடைசி வாரத்தில் அக்கா அதிகம் பேசவில்லை. "அப்பா சாப்ட்டாரா?" என்று ஒருமுறை கேட்டார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

எங்கே அடக்கம் செய்வது என்ற கேள்வி அன்றுதான் எழுந்தது. சபைக்கென்று கல்லறைத் தோட்டம் கிடையாது. பாஸ்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு எங்கள் கோயில் குருவான பங்குத்தந்தையைப் பார்க்கக் கிளம்பினார். நானும் போனேன். கோயில் காரியங்களைக் கவனிக்கும் பங்குப் பேரவையைச் சேர்ந்த ஒருவர் அங்கே இருந்தார்.

"கோயிலை உட்டுப் போனவங்களுக்கு எப்படிங்க எடம் குடுக்கிறது? நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

"புது எடம் கேக்கல," என்றார் அப்பா. "என் சம்சாரம் கல்லறையில எனக்குன்னு எடம் கீது. அத எம் பொண்ணுக்குக் குடுங்க."

"அப்போ உங்களுக்கு?" என்று பங்குத்தந்தை கேட்டார்.

"எனக்கு அப்புறம் பாத்துக்கலாம் ஃபாதர்."

பங்குத்தந்தை பேரவை உறுப்பினரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சாயங்காலம் கொண்டுவாங்க. அந்த பாஸ்டரையும் வரச் சொல்லுங்க" என்றார்.

கல்லறையில் பங்குத்தந்தை குழியை மந்திரித்து ஆசீர்வதித்தார். பாஸ்டர் ஜெபம் செய்தார். சபைச் சகோதரிகள் பாடினார்கள். அப்பா ஒரு பிடி மண் போட்டுவிட்டுக் கையைத் துடைக்காமல் நின்றார். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு வாய் துடைத்துவிட்ட சகோதரிகளுக்கும், பங்குத்தந்தைக்கும், அன்று தயங்கினாலும் குழி தோண்ட முன்னின்று ஏற்பாடு செய்த பேரவை உறுப்பினருக்கும், சாப்பாடு கொடுத்தனுப்பிய தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு நாளன்று காலையில் பங்குக் கோயிலில் திருப்பலி. மாலையில் சபையில் நன்றிக் கூட்டம். இரண்டில் எதற்கு வர வேண்டும் என்று உறவினர்கள் சிலர் போனில் கேட்டார்கள். என்ன சொல்வது என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ரெண்டுக்கும் வரச் சொல்லு," என்றார். "நான் ரெண்டுக்கும் போறேன்."