நான் கட்டிவிட்ட பொய்க்கட்டு

மூன்று வருடத்துக்கு முன்பு, நாவற்குடாவில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் கணவருக்கு வலது கன்னத்தில் திடீர் திடீரென்று மின்சாரம் அடித்தது போல வலி வரும். பல்தான் காரணம் என்று நினைத்து நல்ல பல் இரண்டைப் பிடுங்கியும் பார்த்தோம். முகத்து நரம்பில்தான் கோளாறு என்று தெரியவந்தபோது மனுசன் பாதியாய் இளைத்துவிட்டிருந்தார். சோற்றை மெல்லவும், கன்னத்தில் தண்ணீர் படவும்கூட அவருக்குப் பயம்.

கடைசியில் இந்தியாவுக்குப் போனோம். கதிர்வீச்சை அந்த நரம்பின் மேல் குவித்துச் செய்கிற சத்திரசிகிச்சை. கத்தியும் இல்லை, தையலும் இல்லை. மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார்கள்.

வினை ஊருக்கு வந்தபிறகுதான் தொடங்கியது. எங்கள் பக்கம் ஆப்பரேசன் என்றால் பால்மாவும் தோடம்பழமுமாகச் சனம் பார்க்க வந்துவிடும். வந்தால் வெட்டின இடத்தைப் பார்க்காமல் போகாது. "எங்ககா வெட்டினது? ஒண்டையும் காணல்லயே!" என்று அவருடைய அக்கா குனிந்து குனிந்து தேடினார். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. அடுத்த ஆட்கள் வருமுன், அவர் வேண்டாம் வேண்டாமென்றும் கேளாமல் தலையில் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டேன்!

மூன்று வாரமாகியும் வலி விடவில்லை. குறைய மாதக்கணக்கும் ஆகலாம், அதுவரை வலிக்குப் போடும் குளிசையை நிறுத்தக்கூடாது என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். என் வாய் சும்மா இருந்ததா? நான் கட்டின துணியை நானே அவிழ்த்துப்போட்டு, வந்தவர்களிடம், "ஒரு கீறலுமில்ல. எங்கள நல்லா ஏமாத்திப்போட்டாங்க" என்றேன். அறைக்குள் படுத்திருந்தவருக்கு அது கேட்டுவிட்டது. அன்றோடு எனக்குச் சொல்லாமல் குளிசையை நிறுத்திவிட்டார்.

இரண்டாம் நாள் அவர் நிலத்தில் கிடந்து துடித்தார். குளிசை போடவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஏன் என்று கத்தினேன்.

"நீயே நம்பல்ல. மறுகா நான் என்னத்துக்குப் புள்ள போட?"

உடனே டொக்டருக்கு ஃபோன் எடுத்து, ஏச்சும் வாங்கினேன். அதன்பிறகு வேளைக்கு வேளை நானே குளிசையும் தண்ணீருமாகப் போய் நின்றேன். பார்க்க வந்தவர்களிடம், "காயமில்ல, ஆனா அவருக்கு நோகுது" என்று நேராகவே சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, கிணற்றடியில் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக் கழுவிக்கொண்டு நின்றார். அவர் அப்படி முகம் கழுவி எத்தனையோ காலம்.

"நோகல்லயா?"

"இல்ல புள்ள."

நான் அழுதுவிட்டேன். வலியைக் கதிர் போக்கியது உண்மைதான், ஆனால் நடுவில் இரண்டு நாள் அவர் பட்டது என் நாக்கால் வந்தது. இப்போதெல்லாம் யாராவது நோகுது என்று சொன்னால் நான் காயத்தைத் தேடுவதில்லை, நம்பிவிடுகிறேன்.