போனில் சொன்னால் போதுமென்று நினைத்தேன்

அன்று மாலை மணி நான்கு பத்து. மகளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்ததால், கல்விக்கடனில் சேர்த்திருந்த பூந்தமல்லி தனியார் கல்லூரிக்குப் போன் செய்து, இனி வரமாட்டாள் என்று சொல்லியிருந்தேன். பணம் எப்போது திரும்பும் என்று கேட்க நேரில் போனால், அலுவலகத்துப் பெண்மணி தலையில் கைவைத்துக்கொண்டார்.

“வாயால சொன்னா ஆச்சா? இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பொண்ணு எழுதிக் கையெழுத்துப் போட்டாதாம்மா முழுப் பணமும் பேங்க்குக்குத் திரும்பும்!”

மகளோ பட்டாபிராம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். போனில் அவளை எழுப்பும்போதே அழுதுவிட்டேன்.

“அழுவாதீங்க, ஆட்டோ புடிச்சி வரச் சொல்லுங்க” என்றார் அவர்.

இப்போதெல்லாம் பால்காரரிடம் ‘நாளைக்கு வேண்டாம்’ என்பதைக்கூட எழுதித்தான் கொடுக்கிறேன்.

அன்று ஐந்தடிக்கச் சற்று முன், கலைந்த தலையோடு ஓடிவந்தாள் மகள்.

“இந்தக் காலேஜ்ல சேந்தப்பகூட நீ இப்படி அழுவலியேம்மா! பேனாவக் குடு.”