அம்மா ஓமோவோடு பேசிய கதை

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, ஜெர்மனியில் பீலெஃபெல்டுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் சின்ன ஊரே ஒரு ஜப்பான்காரர் மேல் பைத்தியமாகக் கிடந்தது. ஊர்க் கழகத்துக்காகப் பல வருடம் உதைபந்தடித்து ஓய்வு பெற்றவர். விளையாடிய காலத்தைவிட, விட்ட பிறகுதான் அவருக்கு மவுசு கூடியது. ரொட்டி விற்கும் வெதுப்பகத்தில் படம், பஸ்ஸில் படம். அவருடைய நீளப் பெயர் ஜெர்மன்காரரின் வாய்க்குள் நுழையாததால் ‘ஓமோ’ என்று சுருக்கிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் நாளுக்கு நூறு தரம் கேட்கும். யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா போனில் கதை அளக்க அளக்க, இந்தப் பக்கம் அம்மா “ஓமோ?”, “அட, ஓமோ!” என்று அதிசயப்பட்டுக்கொண்டிருப்பார். ‘அப்படியா’ என்பதற்கு எங்கள் ஆட்கள் சொல்வது அதுதானே.

ஒருநாள் வீட்டுப்பாடம் செய்ய வந்த என் வகுப்பு லேனா பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள். உன் அம்மா ஓமோவோடா பேசுகிறார் என்று வாயைப் பிளந்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். வரப்போகிற அவள் பிறந்தநாளுக்கு என்னை மட்டும் கூப்பிடாதது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது. ஒவ்வொரு நாளும் பேசுவார் என்றேன்.

அடுத்த நாளே வகுப்பில் நான்தான் ராணி. பிறந்தநாள் அழைப்பும் வந்தது. சனியன், கூடவே இன்னொன்றும் வந்தது. சனிக்கிழமை ஓமோ விளையாட்டுச் சாமான் கடைக்குக் கையெழுத்துப் போட வருகிறார், அம்மா எங்களை அவரிடம் கூட்டிப்போக வேண்டுமாம்.

காலுக்குச் சப்பாத்து வாங்கவேண்டும் என்று புளுகி அம்மாவை இழுத்துப் போனேன். வரிசை வாசல்வரை நின்றது. மலிவு விற்பனையாக்கும் என்று அம்மாவும் நின்றார். லேனா என் கையை விடவில்லை. முன்னால் மூன்றே பேர் இருக்கையில் போன் அடித்தது. பெரியம்மா!

“ஓமோ?” என்று அம்மா கடை அதிரக் கத்தினார்.

ஜப்பான்காரர் நிமிர்ந்து, “யா?” என்றார்.

“ஓமோ!” போனுக்குள் அம்மா.

“யா, யா!” கையை ஆட்டி எங்களை முன்னுக்குக் கூப்பிட்டார். லேனா என்னைப் பார்த்த பார்வையில் போன உயிர் திரும்பி வந்தது.

அம்மா பதறிப்போய்ப் போனை அணைத்தார். மேசையிலிருந்த பெயரை வாசித்தபிறகுதான் விஷயம் பிடிபட்டது. “ஐயோ பிள்ளை, இவருக்குப் பேரே ஓமோவோ?” சிரிப்பு அடங்கியதும், தன் உடைந்த ஜெர்மனில் அவருடைய முழுப்பெயரைக் கேட்டார். பின்னால் அத்தனை சனம் நிற்கிறது, அம்மாவின் சோலியைப் பாருங்கோ! ஜப்பான்காரர் சொன்னார். அம்மா ஒவ்வோர் எழுத்தாக, பிசகாமல் திருப்பிச் சொன்னார். சரியோ என்று கேட்டு இன்னொரு தரமும் சொன்னார். அந்த மனிதர் எழும்பி நின்று, இடுப்புவரை குனிந்து வணங்கினார். கண் கலங்கியிருந்தது.

“பாவம், அந்தப் பேரை இஞ்சை ஆர் கூப்பிடுகினம்?” என்றார் அம்மா, பஸ்ஸில்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஊரே கத்திக் கூப்பிடுகிற ஆளுக்கு என்ன பாவம்? அம்மாவின் ஏழெழுத்துப் பெயரையும் வேலையிடத்தில் இரண்டெழுத்தாக்கித்தான் வைத்திருந்தார்கள். லேனாவுக்குக் கூப்பிடச் சுகமாக இருக்கட்டும் என்று என் பெயரை நானே வெட்டிக் கொடுத்திருந்தேன். இதில் கண் கலங்க என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவேயில்லை.