கடைசிப் பங்கு

நாவலைப் பாதியில் விட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தை யுத்த காலத்தில், திருகோணமலை இறங்குதுறையில் ஒரு பெண்ணிடம்தான் வாங்கிக்கொண்டேன்.

மூதூர்ப் படகுக்கான வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். மெலிந்த உருவம், வெயிலில் கறுத்த முகம். அட்டையில்லாத, வலைநூலால் தைத்த தாள்களை வாசித்துக்கொண்டிருந்தார். பக்கம் புரட்டுமுன் ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் நீவிவிட்டார். எட்டிப் பார்த்தேன்; எல்லாரும் கொண்டாடும் நாவல் அது.

"நான் பாதியில விட்டிட்டன், அக்கா. சரியான இழுவை," என்றேன்.

"முழுப் புத்தகமும் கையில இருந்ததோ?"

"ஓம்."

"இருந்தும் மூடி வைச்சனீங்களோ?" வரிசையே திரும்பிப் பார்த்தது. "அகதி முகாமில எங்களுக்கு இருந்தது இந்த ஒரு புத்தகம். எல்லாரும் வாசிக்கவேணுமெண்டு நாலாப் பிரிச்சுத் தைச்சம். கடைசிப் பங்கு என்ர சிநேகிதியிட்ட இருந்தது. ஷெல் விழ, ஆளுக்கொரு பக்கமா ஓடினம். அவளை இன்னும் காணேல்லை. இழுவையாம், இழுவை!"

எனக்கு நாக்கு அடங்கவில்லை. "ரவுண் கடையில புதுசு வாங்கலாமே?"

தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சீறினார்.

"அவளிட்ட இருக்கேக்க நான் ஏன் வாங்கவேணும்?"