என் தொண்டை கட்டிய ஆடி மாதம்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதம் நடந்தது இது. தி.நகரில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் தள்ளுபடி விற்பனை சூடுபிடித்திருந்த நேரம். ஆடித் தள்ளுபடிக்குத் தி.நகர் என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் சேலைப் பிரிவு. காலையில் கடை திறந்தால் ஷட்டர் இறங்கும்வரை வாய் ஓயாது. பேசியே சேலை விற்பவன் என்று முதலாளியிடம் பெயர் வாங்கியவன் நான்.

வீடு அசோக் நகரில், வாடகை வீடு, முதல் மாடி. நானும் மனைவியும் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். கடையில் பேசியது போதாதென்று நான் வீட்டுக்கும் பேசிக்கொண்டேதான் வருவேன். கீழ் வீட்டு அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் படியேறுவதற்குள், மேலே மகள் கையைக் காலை உதறி ஒரு ஆட்டம் போட்டுக்கொண்டிருப்பாள். "ஒங்க சத்தம் கேட்டா போதும், இடுப்புல நிக்க மாட்டேங்கா" என்பாள் மனைவி. எனக்கு அதில் பெருமை தாங்காது.

ஆனால் மனைவிக்குள் ஒரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. கீழ் வீட்டு அக்காவின் பையனுக்கும் எங்கள் மகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவன் கூடமெல்லாம் தவழ்ந்து, தரையில் கிடக்கும் ஒற்றைப் பொரியை இரண்டு விரலால் கிள்ளி எடுத்து வாயில் போடுவான். எங்களவள் உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். உள்ளங்கையால் தரையைத் தட்டித் தட்டிப் பார்ப்பாள். கையில் ஒட்டிக்கொண்டு வந்ததுதான் வாய்க்குப் போகும். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "கொஞ்சம் மந்தமா இருக்காளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த வார்த்தை போகவில்லை, வீட்டிலேயே தங்கிவிட்டது. ஒருநாள் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே, "ஏங்க, இவளுக்கு மூளையில எதுவும்..." என்று ஆரம்பித்த மனைவி, முடிக்காமல் விட்டுவிட்டாள். "கூப்பிட்டா டக்குனு திரும்புதால்லா? மூளை இல்லாமயா திரும்புதா?" என்று நான் சிரித்து மழுப்பினேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

அந்தத் தள்ளுபடிக் கூட்டத்தில் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிக்கொண்டது. முதலில் கரகரத்தது, அப்புறம் வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை டாக்டர், ஒரு வாரம் வாயைத் திறக்கவே கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று சொல்லிவிட்டார். கடையில் என்னைச் சேலை மடிக்கும் வேலையில் போட்டார்கள். கூட வேலை செய்பவர்கள், இன்றைக்குத்தான் கடை கடையாக இருக்கிறது என்று கேலி செய்தார்கள். நான் கழுத்து முழுக்க நீலகிரித் தைலம் பூசிக்கொண்டு ஊமைச்சாமியாக வீடு திரும்பினேன்.

மனைவியின் இடுப்பில் இருந்த மகள் என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் நினைத்தேன். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கையை நீட்டித் தூக்கியதும் அப்படியே விறைத்துப்போய், அடுத்த நொடி வீறிட்டு அழுதாள். உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அம்மாவிடம் தாவினாள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த கீழ் வீட்டு அக்கா, "இன்னாண்ணா, புள்ள உன்ன பாத்து இந்தக் கத்து கத்துது? எப்பப் பாரு கடையிலயே கீற, மூஞ்சே மறந்து பூட்ச்சு போல!" என்று சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. மறுநாளும் அதே கதை. ஒன்பது மாதக் குழந்தையிடம் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதற்கடுத்த நாள் காலையில், நான் கடைக்குக் கிளம்புவதற்கு முன், மனைவி சமாதானம் செய்து வைத்தாள். "எதுக்கோ பயப்படுதா. எதுக்க உக்காந்து வெளாட்டு காட்டுங்க, சரியாயிரும்."

ஜன்னல் வழியாக நல்ல வெயில் கூடத்தில் விழுந்திருந்தது. மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நாக்கைத் துருத்தினேன், கன்னத்தை உப்பினேன், துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினேன். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் அந்தச் சிரிப்பு வந்த பக்கம் திரும்பி அவளும் சிரித்தாள். என் பக்கம் அவளுக்கு ஒன்றுமே இல்லை.

துண்டைச் சுழற்றியதில் தரையில் இருந்த எவர்சில்வர் டம்ளர் சரிந்து உருண்டது. அவள் சட்டென்று திரும்பிக் கையை நீட்டினாள். நான் அதைச் சத்தமில்லாமல் எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவள் கை தரையிலேயே துழாவிக்கொண்டிருந்தது. மனைவியின் சிரிப்பு நின்றது.

"ஏங்க, அந்த டம்ளர இந்தப் பக்கம் கொண்டாங்க. சத்தம் வராம."

கொண்டுபோனேன். கண் பின்னால் வரவில்லை.

"இப்ப அந்தப் பக்கம்."

வரவில்லை.

மனைவி எழுந்தாள். கையில் இருந்த கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அலமாரியில் வைத்தாள். அடிமேல் அடி வைத்து வந்து, மகளுக்கு எதிரே கொஞ்சம் தள்ளி மண்டி போட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். வேறு எந்த நேரத்திலும் அம்மாவை விட்டுப் பிரியாத குழந்தை, அம்மா எதிரே இருப்பதே தெரியாமல் தன் கால் விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. மனைவியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "கண்ணு..." என்றாள். அவ்வளவுதான், மகளின் இரண்டு கையும் பறந்துகொண்டு மேலே வந்தன.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. என் குரல் இல்லை, தைலத்தால் என் வாசனையும் மாறிவிட்டது. மிச்சம் இருந்தது என் முகம் ஒன்றுதான். அதை அவள் அறிய மாட்டாள். குரலுக்குத் திரும்பியதையெல்லாம் பார்த்துத் திரும்புகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

மனைவி குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதாள். போனில், "கண் டாக்டரிடம் போவோம், இன்றைக்கே" என்று தட்டிக் காட்டினேன்.

அடையாறில் குழந்தைகளுக்கான கண் டாக்டர் ஒருவரை விசாரித்துக் கண்டுபிடித்துப் போனோம். சொட்டு மருந்து விட்டதும் மகள் ஆஸ்பத்திரியையே இரண்டாக்கினாள். கொஞ்ச நேரம் காத்திருக்க வைத்துவிட்டு, அந்த டாக்டரம்மா ஒரு விளக்கை அடித்து, கண்ணுக்கு முன்னால் ஒவ்வொரு லென்ஸாகப் பிடித்துப் பார்த்தார். எழுத்துப் படிக்காத குழந்தையின் பவரை அப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். அவர் வாயிலிருந்து முதல் வார்த்தை வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"நரம்பெல்லாம் நல்லா இருக்கு. பவர்தான் ரொம்ப ரொம்ப அதிகம். கண்ணாடி போடணும்" என்றார்.

"அப்ப மூளையில ஒண்ணும் இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள் மனைவி. அன்றைக்கு இட்லித் தட்டோடு விட்ட கேள்வியை ஒருவழியாக முடித்துவிட்டாள்.

"மூளைக்கு என்ன? கண்ணுக்குத் தெரியாத பொருளை நோக்கி எந்தக் குழந்தை தவழும், சொல்லுங்க? கண்ணு காட்டறது பாதி, காட்டுனது என்னன்னு மூளை கத்துக்கறது மீதி. கத்துக்கற வயசுலயே கொண்டு வந்துட்டீங்க. நாள் கடந்திருந்தா கஷ்டம்."

"அப்ப இவ எங்கள பாத்ததே இல்லையா?"

டாக்டர் லென்ஸ்களைப் பெட்டியில் அடுக்கினார். "பாத்திருக்கா. போகி அன்னிக்குக் காலைல புகைக்குள்ள ஆள் வர்ற மாதிரி."

கண்ணாடி தயாராகி வருவதற்குள் என் குரல் திரும்பிவிட்டது. மகளும் பழையபடி என்னிடம் தாவ ஆரம்பித்தாள். எனக்குத்தான் பழைய பெருமை வரவில்லை.

டாக்டர் சொன்ன கண்ணாடிக் கடையும் அடையாறில்தான். இளஞ்சிவப்பில் ரப்பர் மாதிரி ஒரு சின்ன ஃபிரேம், தலைக்குப் பின்னால் கட்ட ஒரு பட்டை. மனைவி மகளை மடியில் வைத்துக்கொண்டாள். நான் எதிரே ஒரு முக்காலியில். கடைக்காரர் பின்னால் இருந்து கண்ணாடியை மாட்டினார். "பிடுங்கத்தான் பார்க்கும் சார், விடாதீங்க" என்றார். அதே மாதிரி மகளின் இரண்டு கையும் கண்ணாடியைப் பிடுங்க மேலே போயின. போன கை பாதியில் நின்றது.

அவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை உண்மையாகவே பார்த்தாள். கண்ணாடிக்குள் பெரிதாகத் தெரிந்த அந்த இரண்டு கண்ணும் என் நெற்றிக்குப் போயின, மூக்குக்கு வந்தன, மீசையில் நின்றன. அவள் கீழ் உதடு மெல்லப் பிதுங்க ஆரம்பித்தது. யாரோ புது ஆளைக் கண்ட பயம்.

"பேசுங்க! ஏங்க, வாயத் தொறந்து பேசுங்க!" என்று மனைவி அதட்டினாள்.

என்ன பேசுவது? பழக்க தோஷம், "பாருங்கம்மா... பார்டர் பாருங்கம்மா, முந்தி பாருங்க, நல்லா வெளிச்சத்துல பாருங்க" என்று கடை வசனம்தான் குழறிக்கொண்டு வந்தது. கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மகளின் உதடு நின்றது. வழக்கம்போலக் காதை என் பக்கம் சாய்த்தாள். அப்பா இருக்கிறார், எங்கே என்று தேடுகிற சாய்ப்பு அது. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என் வாயைப் பார்த்தாள். சத்தம் அங்கிருந்து வருவதைக் கண்டுகொண்டாள். எட்டி என் உதட்டைப் பிடித்து இழுத்தாள். நான் பேசப் பேச அது அசைவதைக் கையிலும் கண்ணிலும் மாறி மாறிச் சோதித்தாள். திடீரென்று, மாடிப்படியில் என் குரல் கேட்டால் போடுவாளே, அந்த ஆட்டம் அத்தனையும் என் முகத்தைப் பார்த்துப் போட்டாள். நான் அழுதுகொண்டே விடாமல் சேலை விற்றுக்கொண்டிருந்தேன்.

மனைவி அவளைத் தன் பக்கம் திருப்பினாள். அங்கே இவ்வளவு நேரம் எடுக்கவில்லை. அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவள், இரண்டு விரலை நீட்டி, நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டைக் குறி தப்பாமல் கிள்ளி எடுத்தாள். எடுத்ததை வாயில் போடப் போனவளைத் தடுக்கக்கூடத் தோன்றாமல் மனைவி அழுதாள். கடைக்காரர்தான் பாய்ந்து பிடுங்கினார்.

வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் அவள் தூங்கவே இல்லை. கண்ணாடியையும் பிடுங்கவில்லை. பக்கத்தில் வந்த பஸ், சிக்னலில் பூ விற்ற அம்மா, டிரைவரின் பின்மண்டை எல்லாவற்றையும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். சில வாரங்களில் தவழ்ந்தாள். பிறகு அவளைப் பிடிக்க ஆள் போதவில்லை.

இப்போது எல்.கே.ஜி. போகிறாள். இதுவரை உடைத்த ஃபிரேம்களுக்குக் கணக்கில்லை. வகுப்பில் ஒரு பையன் "சோடாபுட்டி" என்றானாம். அவன் பென்சிலை ஒடித்துக் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

கடையில் நாள் முழுக்க நின்று கால் கடுத்து, வந்தவர் போனவரிடமெல்லாம் பேச்சு வாங்கி, எரிச்சலோடு திரும்பும் நாட்கள் எனக்கு இன்றும் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் மாடிப்படியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மேலே ஏறுகிறேன். கதவைத் திறந்ததும் அவள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்து, பிறகு அவளே தேடிக் கண்டுபிடித்துக்கொண்ட முகம் அது. அதைக் கடுகடுவென்று கொண்டுபோய் அவள் முன்னால் நீட்ட எனக்கு மனசு வருவதில்லை.